1692-ஐ 1876-இல் வரைந்தவர்கள்

சேலம் சூனிய வழக்கு என்று இணையத்தில் தேடுங்கள். நம்மூர் சேலம் இல்லை, அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இருக்கும் சேலம்; சூனியம் செய்ததாகப் பலர்மேல் 1692-இல் வழக்கு நடந்த ஊர். முதல் வரிசையிலேயே ஒரு கறுப்பு வெள்ளைப் படம் வரும். ஆட்கள் நெருக்கியடிக்கும் நீதிமன்றம், தரையில் விழுந்து கிடக்கும் ஒரு பெண், சுற்றிலும் பதறும் முகங்கள். பாடப்புத்தகம், ஆவணப்படம், யூடியூப் முகப்பு என்று எங்கே போனாலும் இதே படம்தான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றிதழுக்குக் கட்டுரை எழுதியபோது நானும் இதை எடுத்துப் போட்டு, கீழே "சேலம் நீதிமன்றம், 1692" என்று எழுதிவிட்டேன். இதழ் வந்த பிறகு ஒரு வாசகர் ஒற்றை வரியில் கேட்டிருந்தார்: "ஓவியர் யாராவது உள்ளே உட்கார்ந்திருந்தாரா?"

இல்லை. 1876-இல், அமெரிக்காவில் முதலில் குடியேறியவர்களைப் பற்றி வந்த ஒரு தடித்த நூலுக்காக மரக்கட்டையில் செதுக்கிய படம் அது. வழக்குக்கும் படத்துக்கும் இடையே 184 ஆண்டுகள். நம் கண்ணுக்கு இரண்டுமே பழைய காலம். கோடுகோடாக இருந்து, தாளும் பழுப்பேறியிருந்தால் போதும், "அந்தக் காலத்துப் படம்" என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது. எந்தக் காலம் என்று கேட்பதில்லை.

இது ஒரு படத்தோடு முடிகிற கதை இல்லை. ஆங்கிலேயக் குடியேறி ஜான் ஸ்மித்தைக் காப்பாற்றும் பழங்குடிப் பெண் போக்கஹான்டஸ், 1620-இல் மேஃப்ளவர் கப்பலில் வந்து பாறையில் கால் வைக்கும் பில்கிரிம்கள் என்ற ஆங்கிலக் குடியேறிகள், பனிக்கட்டி மிதக்கும் ஆற்றைக் கடக்கும் வாஷிங்டன் என்று ஆரம்பகால அமெரிக்காவைப் பற்றி நம் தலைக்குள் இருக்கும் காட்சிகளில் பெரும்பகுதி ஏறத்தாழ 1830-க்கும் 1890-க்கும் நடுவே நியூயார்க், பாஸ்டன், பிலடெல்பியா பட்டறைகளில் உருவானவை. செய்தவர்கள் பூதக்கண்ணாடியும் உளியுமாகக் குனிந்து உட்கார்ந்திருந்த கைத்தொழிலாளிகள்.

ஏன் அப்போதே யாரும் வரையவில்லை? வரைந்தார்கள், ஆனால் மிகக் கொஞ்சம். 17-ஆம் நூற்றாண்டில், நியூ இங்கிலாந்து என்று பெயர் பெற்ற வடகிழக்கு அமெரிக்கப் பகுதியில் வீடு கட்டவும் குளிர்காலத்தைத் தாண்டவுமே நேரம் போதவில்லை. ஆங்கிலக் குடியேற்றங்களில் அச்சான முதல் உருவப்படம் என்று சொல்லப்படுவது, 1670 வாக்கில் ஜான் ஃபாஸ்டர் மரத்தில் வெட்டிய ரிச்சர்ட் மேதர் பாதிரியாரின் படம். பார்த்தால் ஒரு பையன் பென்சிலில் முயன்றது போலத்தான் இருக்கும்.

நல்ல படம் கையில் இருந்த இடத்தில்கூடப் பின்னால் வந்தவர்களுக்கு அது வேண்டியிருக்கவில்லை. போக்கஹான்டஸ் உயிரோடு இருந்தபோதே, 1616-இல் லண்டனில் சைமன் வான் டி பாஸ் அவரைச் செப்புத்தகட்டில் செதுக்கினார். உயரமான தொப்பி, விறைப்பான சரிகைக் கழுத்துப்பட்டி, கையில் இறகு விசிறி, கொஞ்சம் களைத்த முகம். இதைக் கையில் வைத்துக்கொண்டு 19-ஆம் நூற்றாண்டு என்ன செய்தது? ஸ்மித்தின் தலைமேல் சாய்ந்து கெஞ்சும், அரைகுறை ஆடையோடு இருக்கும் ஒரு முழு இளம்பெண்ணைத் திரும்பத் திரும்ப வரைந்தது. அந்தச் சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் 1607-இல் அவருக்கு வயது 11 அல்லது 12. ஸ்மித் 1608-இல் எழுதிய நூலில் இந்தக் காப்பாற்றல் கதையே கிடையாது. 1624-இல் வந்த நூலில்தான் அது விரிவாக வருகிறது.

சரி, இந்தப் படங்களை எப்படிச் செய்தார்கள் என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஏன் இவை இத்தனை ஆயிரம், ஏன் இன்னும் சாகாமல் சுற்றுகின்றன என்ற இரண்டு கேள்விக்கும் பதில் தொழில்நுட்பத்தில் இருக்கிறது.

நம்மூர் அச்சகங்களில் ஆஃப்செட் வருவதற்கு முன் பத்திரிகையில் படம் போட வேண்டுமென்றால் "பிளாக் எடுக்கக் கொடுத்திருக்கிறது" என்பார்கள். அந்த பிளாக்கின் தாத்தா மரக்கட்டை. பாக்ஸ்வுட் என்கிற மரம், துருக்கிப் பக்கத்திலிருந்து இறக்குமதி ஆனது. மெதுவாக வளரும், இழை நெருக்கமானது, கல் மாதிரி கடினம். அதைப் பலகையாக நீளவாக்கில் அறுக்காமல், வாழைத்தண்டை வட்டமாக நறுக்குவது போலக் குறுக்கே வெட்டினால் இழையின் முனைகள் மேலே தெரியும். அந்தப் பரப்பில் உளி எந்தப் பக்கமும் வழுக்கிக்கொண்டு போகும், இழை பிய்ந்துகொள்ளாது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் நியூகாசிலில் தாமஸ் பியூவிக் இந்த முறையை ஒரு கலையாகவே ஆக்கிக் காட்டினார்.

அமெரிக்காவில் அதைப் பிடித்துக்கொண்டவர் நியூயார்க்கைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஆண்டர்சன். படித்தது மருத்துவம். 1798-இல் மஞ்சள் காய்ச்சல் அவருடைய குடும்பத்தை வாரிக்கொண்டு போனது. மருத்துவத்தை விட்டுவிட்டு உளியை எடுத்தவர், தொண்ணூறு வயது தாண்டியும் செதுக்கிக்கொண்டிருந்தார். இறந்தது 1870-இல். அந்த ஒரு ஆளின் ஆயுளுக்குள் இந்தத் தொழில் அமெரிக்காவில் பிறந்து, வளர்ந்து, உச்சத்தை நெருங்கிவிட்டது.

வேலை இப்படி. கட்டையின் முகத்தில் வெள்ளை பூசி, ஓவியர் அதன்மேலேயே இடவலம் மாற்றி வரைவார். செதுக்குபவர் வெள்ளையாக வர வேண்டிய இடத்தையெல்லாம் எடுத்துவிடுவார். மேடாக மிஞ்சும் கோடுதான் மையைப் பிடிக்கும். வெட்ட வெட்ட ஓவியரின் மூலப்படம் மரத்தூளாகப் போய்விடும். அதனால் நாம் பார்ப்பது ஓவியரின் கோடு இல்லை, அதைச் செதுக்குபவர் புரிந்துகொண்ட விதம். இதற்காக ஓவியர்கள் செதுக்குபவர்களைத் திட்டித் தீர்த்திருக்கிறார்கள், அது தனிக்கதை.

பாக்ஸ்வுட் பெரிதாக வளராத மரம், கட்டையும் உள்ளங்கை அளவைத் தாண்டாது. பத்திரிகையின் முழுப்பக்கப் படத்துக்குப் பல துண்டுகளைப் பின்பக்கம் திருகாணியால் முடுக்கி ஒன்றாக்குவார்கள். படம் வரைந்தானதும் திருகாணியைக் கழற்றி ஆளுக்கொரு துண்டாகக் கொடுத்துவிடுவார்கள். ஒருவர் வானம், ஒருவர் குதிரை, ஒருவர் கூட்டம். இரவோடிரவாக வெட்டி முடித்து மீண்டும் சேர்ப்பார்கள், தலைமைச் செதுக்குநர் இணைப்புக் கோடுகளைச் சரிசெய்வார். லண்டனில் இந்த வேலையைப் பழகிய ஹென்றி கார்ட்டர், அமெரிக்காவுக்கு வந்து ஃபிராங்க் லெஸ்லி என்ற பெயரில் 1855-இல் படப்பத்திரிகை தொடங்கியபோது நம்பியது இந்த ஏற்பாட்டைத்தான். 1857-இல் ஹார்ப்பர்ஸ் வீக்லி வந்தது.

இந்தக் கட்டையின் பெரிய சௌகரியம் அதன் உயரம். அச்செழுத்தின் உயரமும் கட்டையின் உயரமும் ஒன்று, சுமார் 23.3 மில்லிமீட்டர். எழுத்துக்கு நடுவிலேயே படத்தைப் பூட்டி ஒரே ஓட்டத்தில் அடித்துவிடலாம். எஃகிலும் செம்பிலும் செதுக்கும் முறை நேர்மாறானது. அங்கே பள்ளத்தில் இறங்கும் மைதான் படம். அதற்கு வேறு அச்சு இயந்திரம், வேறு தாள், தனியாக அடித்துப் புத்தகத்தில் ஒட்ட வேண்டும். செலவு கூட, ஆனால் மென்மை அபாரம். அதனால் பழைய நூல்களில் ஒரு வர்க்கபேதமே தெரியும்: தலைவர்களின் உருவப்படம் எஃகில், முகப்பில், மெல்லிய காகிதத் திரை போர்த்தி, சண்டை, வீடு, செவ்விந்தியக் கிராமம் எல்லாம் மரத்தில், பத்திக்கு நடுவில்.

1840-களில் எலெக்ட்ரோடைப் வந்ததும் தொழிலே மாறிப்போனது. செதுக்கிய கட்டையை மெழுகில் அழுத்தி அச்செடுத்து, அதன்மேல் காரீயத் தூள் தடவி, செப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால் மெல்லிய செப்புத் தோல் படியும். பின்னால் ஈயம் ஊற்றிக் கெட்டிப்படுத்தினால் அச்சு அசலான நகல். மூலக்கட்டையை அலமாரியில் பத்திரப்படுத்திவிட்டு நகலை வைத்து எத்தனை ஆயிரம் வேண்டுமானாலும் அடிக்கலாம். 1846-இல் ஹார்ப்பர் நிறுவனம் 1,600-க்கும் மேற்பட்ட படங்களோடு ஒரு பைபிளை வெளியிட முடிந்தது இதனால்தான்.

நகலை விற்கவும் செய்யலாம். ஒரு பதிப்பகத்தின் படம் இன்னொரு பதிப்பகத்துக்கு, அங்கிருந்து ஒரு பள்ளிப் பாடநூலுக்கு, அப்புறம் ஒரு காலண்டருக்கு. ஸ்டீரியோடைப், கிளிஷே என்ற இரண்டு சொற்களும் இந்த அச்சுத்தகட்டுத் தொழிலிலிருந்து வந்தவை. முதலில் அவை வெறும் உலோகத் தகடுகளின் பெயர், இன்று அரைத்த மாவையே அரைக்கும் எண்ணத்துக்கும் பேச்சுக்கும் பெயர். யோசித்துப் பார்த்தால், ஒரே தகட்டை நூறு இடத்தில் அடித்தால் நூறு பேர் மனதிலும் ஒரே படம் பதியும், அவ்வளவுதான்.

இதில் பணம் என்கிற சங்கதியும் உண்டு, அசல் பணம். 1863-இல் தொடங்கிய தேசிய வங்கி நோட்டுகளின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஒரு டாலரில் பில்கிரிம்கள் கரையிறங்குகிறார்கள், ஐந்தில் கொலம்பஸ், பத்தில் மிசிசிப்பி ஆற்றைக் காணும் ஸ்பானியப் பயணி டி சோட்டோ, இருபதில் போக்கஹான்டஸின் ஞானஸ்நானம், நூறில் சுதந்திரப் பிரகடனம். நுணுக்கமான எஃகுச் செதுக்கைக் கள்ளநோட்டுக்காரன் நகலெடுக்கத் திணறுவான். நோட்டைத் தொடும் சாமானியனுக்குச் சரித்திரப் பாடமும் ஆயிற்று. உள்நாட்டுப் போர் நடுவில் இருந்த நாடு, "நாம் எல்லாரும் இங்கிருந்து வந்தவர்கள்" என்று சட்டைப்பைக்குள் வைத்துச் சொல்லிக்கொண்டது. சூதாட்ட மேஜையில் மாறிய ஐந்து டாலரிலும் கொலம்பஸ் கொடியோடுதான் நின்றிருப்பார்.

அந்த நூறு டாலர் காட்சிக்கு மூலம் ஜான் டிரம்புல்லின் ஓவியம். அதை ஆஷர் டுராண்ட் 1820-லிருந்து 1823 வரை உட்கார்ந்து செம்பில் செதுக்கினார். பெரும்பாலானவர்கள் அது ஜூலை 4 கையெழுத்துக் காட்சி என்று நினைக்கிறார்கள். படத்தில் நடப்பது 1776 ஜூன் 28, வரைவை அவையின்முன் வைக்கும் தருணம். டுராண்ட் பிற்பாடு செதுக்கலை விட்டுவிட்டு ஹட்சன் நதிப் பள்ளி என்ற ஓவியர் குழுவின் பெரிய நிலக்காட்சி ஓவியராகிவிட்டார். மூன்று வருடம் அத்தனை முகங்களைச் செதுக்கிய மனிதருக்கு மரமும் ஓடையும் போதும் என்று தோன்றியிருந்தால் ஆச்சரியமில்லை.

இத்தனையும் கற்பனைதானா என்றால் அப்படியும் இல்லை. இங்கேதான் நான் ஆட்களைப் பிரித்துப் பார்ப்பேன்: போய்ப் பார்த்து வரைந்தவர்கள், பட்டறையில் உட்கார்ந்து வரைந்தவர்கள்.

முதல் வகையில் எனக்கு மிகவும் பிடித்தவர் பென்சன் லாஸிங். பூகிப்ஸி ஊரில் கடிகாரத் தொழில் பார்த்து, பத்திரிகை நடத்தி, மரச்செதுக்கு கற்றுக்கொண்டவர். 1848-இல், அமெரிக்கச் சுதந்திரத்துக்காக நடந்த புரட்சிப் போரின் களங்களையெல்லாம் நேரில் பார்த்து வரைவது என்று கிளம்பினார். பழைய பதின்மூன்று மாநிலங்கள், கனடா என்று 8,000 மைலுக்கு மேல் சுற்றினார். போர் முடிந்து 65 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதைச் சிறுவயதில் கண்ட கிழவர்களும் கிழவிகளும் அங்கங்கே இன்னும் உயிரோடு இருந்தார்கள். லாஸிங் அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கதை கேட்டார், எதிரே இடிந்துகொண்டிருந்த கோட்டையை வரைந்துகொண்டார், அவர்களுடைய முகத்தையும் கையெழுத்தையும்கூட எடுத்துக்கொண்டார். 1850 முதல் 1852 வரை பகுதி பகுதியாக ஹார்ப்பர் வெளியிட்ட அந்தப் படக்கையேட்டில் 1,100-க்கு மேற்பட்ட செதுக்குப் படங்கள். எழுதியவர், வரைந்தவர், செதுக்கும் பட்டறையின் கூட்டாளி, எல்லாம் அவரே.

அவர் எழுதிய வரலாற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. கேட்ட கதையையெல்லாம் சேர்த்துக்கொள்ளும் சுபாவம் அவருக்கு. ஆனால் அவர் வரைந்த வீடும் பாலமும் ஆலையும் அன்றைக்கு அங்கே நின்றவை. புகைப்படம் பரவுவதற்கு முன், இடித்துத் தள்ளுவதற்கு முன், யாரோ ஒருவர் போய் நின்று பார்த்த சாட்சி.

அவருக்கு ஒரு முன்னோடி உண்டு, கனெக்டிகட்டின் ஜான் வார்னர் பார்பர். குதிரை வண்டியில் ஊர் ஊராகப் போய் ஒவ்வொரு ஊரின் மையத்தையும் வரைந்து 1836-இல் மாநில வரலாற்றுத் தொகுப்பு போட்டவர். அவர் படங்களில் எல்லா ஊரும் ஒரே மாதிரி இருக்கும்: கோபுரமுள்ள தேவாலயம், வேலி, ஒரு நாய், நிழலுக்கு இரண்டு மரம். கலை என்று பார்த்தால் சுமார்தான். ஆனாலும் சில ஊர்களுக்கு மிஞ்சியிருக்கும் மிகப் பழைய முகம் அதுதான்.

இரண்டாம் வகையின் ராஜா ஃபீலிக்ஸ் டார்லி. 1822-இல் பிலடெல்பியாவில் பிறந்தவர். வாஷிங்டன் இர்விங்கின் ரிப் வான் விங்கிள் கதைக்கு 1848-இலும், ஸ்லீப்பி ஹாலோ கதைக்கு 1849-இலும் வெறும் வெளிக்கோட்டிலேயே படத்தொகுதிகள் வரைந்தார். நியூயார்க்கின் அமெரிக்கன் ஆர்ட் யூனியன் அவற்றைச் சந்தாதாரர்களுக்குக் கொடுத்தது. வருடத்துக்கு ஐந்து டாலர் கட்டினால் அச்சுப்படம் உறுதி, குலுக்கலில் அசல் ஓவியமும் விழலாம். சீட்டுக் கம்பெனியும் கலைக்கழகமும் கலந்த ஏற்பாடு. கடைசியில் "இது லாட்டரி" என்று நீதிமன்றம் சொல்லிவிட, கடையைக் கட்டினார்கள்.

டார்லியின் திறமை அசாத்தியமானது. இருபது வருடம் தூங்கி எழுந்த ரிப் ஊருக்குள் தள்ளாடி வரும்போது பின்னால் ஓடிவரும் பையன்களின் துடுக்கும் நாய்களின் குரைப்பும் கோட்டிலேயே கேட்கும். 1859 முதல் 1861 வரை ஃபெனிமோர் கூப்பரின் நாவல்கள் 32 தொகுதிகளாக வந்தபோது படம் அவருடையது, செதுக்கியவர்களில் பலர் வங்கி நோட்டுக்கு வெட்டிய அதே கைகள். ஹட்சன் பள்ளத்தாக்கின் டச்சுக் கிழவர்கள், காட்டு எல்லை வேட்டைக்காரன், ஒட்டுக்கேட்கும் செவ்விந்தியன் என்று எல்லாருக்கும் ஒரு முகவெட்டு, ஒரு நிற்கும் தோரணை அவரிடமிருந்து வந்தது. நாவலுக்கு வரைந்த அதே கை சரித்திர நூலுக்கும் வரைந்தது. அங்கேதான் வில்லங்கம் ஆரம்பம். கூப்பரின் கதையில் வரும் மொஹிகன் பழங்குடியினனும் வரலாற்று நூலில் வரும் மொஹிகனும் ஒரே ஆளாக நிற்கிறார்கள்.

இலக்கியம் சரித்திரத்துக்குள் புகுந்ததற்குக் கவிஞர் லாங்ஃபெலோவைவிடப் பெரிய உதாரணம் கிடையாது. எவாஞ்சலின் 1847, ஹயவத்தா 1855, மைல்ஸ் ஸ்டாண்டிஷின் பெண் கேட்ட கதை 1858, பால் ரெவியரின் குதிரைச் சவாரி 1861 தொடக்கத்தில். ஒவ்வொன்றும் படப்பதிப்பாக மீண்டும் மீண்டும் வந்தது. கிறிஸ்துமஸ் பரிசுக்கு வாங்குவார்கள், வரவேற்பறை மேஜையில் வைப்பார்கள். பிள்ளைகள் பாட்டைப் படித்தார்களோ இல்லையோ, படத்தைப் பார்த்தார்கள்.

ஹாதர்னின் ஸ்கார்லெட் லெட்டர் நாவல் 1850-இல் வந்தபோது படமே இல்லை. அதற்கு 1870-களில் வரைந்தவர் மேரி ஹாலக் ஃபுட். பெண்களுக்கென்று செதுக்கலும் சித்திரமும் சொல்லிக்கொடுத்த நியூயார்க் கூப்பர் யூனியனில் படித்தவர். சுரங்கப் பொறியாளரை மணந்து கலிஃபோர்னியாவின் நியூ அல்மடேன் பாதரசச் சுரங்க முகாமுக்குப் போனார். மெக்சிகர்களும் இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து வந்த தொழிலாளர்களும் வாழ்ந்த அந்த மலைச்சரிவில் உட்கார்ந்து, 1640-களின் பாஸ்டனைக் கட்டையில் வரைந்து கிழக்குக்கு அனுப்பினார். கதாநாயகி ஹெஸ்டர் பிரின்னின் சாம்பல் நிற பாஸ்டன் இப்படி மூவாயிரம் மைல் தள்ளி உருவானது.

இப்போது சேலத்துக்கே திரும்புவோம், டிட்டூபாவுக்காக. முதலில் குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவர், சாமுவேல் பாரிஸ் பாதிரியார் வீட்டு அடிமை. 1692 வழக்கு ஏடுகள் அவரை இந்தியப் பெண், அதாவது அமெரிக்கப் பழங்குடிப் பெண், என்றே குறிப்பிடுகின்றன. 1868-இல் லாங்ஃபெலோ தன் நாடகத்தில் அவரைப் பாதி செவ்விந்தியர், பாதி ஆப்பிரிக்கர் ஆக்கினார். 1870-களின் இறுதியில் பிரையன்ட், கே இருவர் பெயரில் வந்த மக்கள் வரலாற்று நூலில் ஆல்ஃபிரட் ஃபிரெடரிக்ஸ் ஒரு படம் வரைந்தார்: குழந்தைகளை நடுங்க வைக்கும் கறுப்பினக் கிழவி. மீதிப் பாதியும் போய்விட்டது. 1974-இல் சாட்விக் ஹேன்சன் என்ற ஆய்வாளர் இந்த உருமாற்றம் எப்படிப் படிப்படியாக நடந்தது என்று ஒரு கட்டுரையில் போட்டு உடைத்தார். ஆவணம் மாறவில்லை, கவிதையும் படமும் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டன. அடிமைமுறை ஒழிந்து பத்துப் பதினைந்து வருடமே ஆன நாட்டில், குழந்தைகளைப் பயமுறுத்துபவள் யார் நிறத்தில் இருக்க வேண்டும் என்பதை நிச்சயம் 1692 முடிவு செய்யவில்லை.

இதே ஆயுதம் மறுபக்கமும் பயன்பட்டது, அதையும் சொல்ல வேண்டும். 1770 மார்ச் 5 அன்று பாஸ்டனில் பிரிட்டிஷ் படையினர் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் இறந்த ஐந்து பேரில் ஒருவர் கிறிஸ்பஸ் அட்டக்ஸ், ஆப்பிரிக்க, பழங்குடி வம்சத்தவர். சம்பவம் நடந்த சில வாரங்களில் பால் ரெவியர் செதுக்கி விற்ற புகழ்பெற்ற படத்தில் அவர் அடையாளமே தெரியாது. (அந்தப் படமும் ஹென்றி பெல்ஹாம் வரைந்ததைச் சுட்டதுதான். வழிப்பறி செய்தது போல இருக்கிறது என்று பெல்ஹாம் கடிதம் எழுதினார்.) 1855-இல் பாஸ்டனின் கறுப்பின எழுத்தாளர் வில்லியம் நெல், புரட்சியில் பங்கெடுத்த கறுப்பினத்தவரைப் பற்றி எழுதிய நூலின் முகப்பில் அட்டக்ஸ் விழும் காட்சியைப் போட்டார். அடுத்த ஆண்டே பஃபர்ட் நிறுவனத்தின் கல்லச்சுப் படம் ஒன்று அட்டக்ஸைச் சரியாக நடுவில் நிறுத்தியது. இதுவும் 80 ஆண்டுக்கு மேல் கழித்து வந்த கற்பனைதான். ஆனால் ரெவியர் விட்ட ஒரு மனிதரை இது திரும்பக் கொண்டுவந்தது.

சின்னச் சின்னப் பிழைகளுக்குக் கணக்கில்லை. பில்கிரிம்கள் குடியேறிய 1620 பிளிமத்தில் மரத்துண்டுகளை அடுக்கிய லாக் கேபின் நிற்கும். ஆங்கிலேயர்களுக்கு அந்தக் கட்டுமானம் தெரியவே தெரியாது, அவர்கள் சட்டம் கோத்துப் பலகை அடித்து வீடு கட்டினார்கள். லாக் கேபினை 1638-க்குப் பிறகு டெலவேர் பக்கம் கொண்டுவந்தவர்கள் ஸ்வீடன்காரர்கள். 1840 அதிபர் தேர்தலில் ஹாரிசன் கட்சி அதைத் தேர்தல் சின்னம் போல ஊர் ஊராக இழுத்துக்கொண்டு போன பிறகு, "எளிய அமெரிக்கன்" என்றாலே அந்தக் குடிசை என்றாகிவிட்டது. வாஷிங்டன் ஆற்றைக் கடந்தது 1776 டிசம்பர் 25 இரவு. லாய்ட்ஸா என்ற ஓவியர் ஜெர்மனியில் வரைந்த ஓவியத்திலும், அதைப் பார்த்து 1853-இல் வந்த செதுக்குப் படத்திலும் படகில் பறக்கும் நட்சத்திரக் கொடி அங்கீகாரம் பெற்றது 1777 ஜூனில்.

எனக்குப் பிடித்த பிழை, அரசர் சிலையுடையது. 1776 ஜூலை 9 அன்று நியூயார்க்கில் மூன்றாம் ஜார்ஜின் குதிரைச் சிலையைக் கயிறு கட்டி இழுத்துச் சாய்த்தார்கள். ஈயச் சிலை, அதை உருக்கி 42,088 துப்பாக்கிக் குண்டுகள் செய்ததாகக் கணக்கு இருக்கிறது. சிலையில் அரசர் பழைய ரோமானியச் சக்கரவர்த்தி வேடத்தில் இருந்தார். 1859-இல் ஜான் மக்ரே செதுக்கி விற்ற படத்தில், யோஹானஸ் எர்ட்டலின் ஓவியத்தைப் பின்பற்றி, அரசர் 18-ஆம் நூற்றாண்டு உடையில் இருக்கிறார், கீழே பெண்கள், குழந்தைகள், ஒரு செவ்விந்தியக் குடும்பம். ரோமானிய அங்கி போட்டவரைச் சாய்த்தால் யாரைச் சாய்க்கிறார்கள் என்று வாங்குபவருக்குப் புரிய வேண்டாமா? தெருவில் விற்பனைக்கு வரும் படத்துக்கு அது நியாயமான கவலைதான்.

தொழிலின் முடிவு ஒரு சண்டையோடு வந்தது. 1870-களில் கட்டையின்மேல் நேரடியாக வரைவதற்குப் பதில் புகைப்படமாகவே பதிக்கும் வழி வந்தது. திமத்தி கோல் போன்ற இளைஞர்கள் தூரிகையின் தடம், கரியின் பொருபொருப்பு எல்லாவற்றையும் அப்படியே மரத்தில் கொண்டுவந்தார்கள். இங்கிலாந்தில் தொழிலாளர்களின் வாக்குரிமைக்காகப் போராடிய சார்ட்டிஸ்ட் இயக்கத்தில் பங்கெடுத்து, 1866-இல் அமெரிக்கா வந்த மூத்த செதுக்குநர் வில்லியம் லிண்டன் கொதித்துப்போனார். செதுக்குபவன் கோட்டின் அர்த்தத்தை யோசிக்க வேண்டும், எந்திரம் மாதிரி நகலெடுக்கக் கூடாது என்று வாதாடி, 1882-இல் அமெரிக்க மரச்செதுக்கின் வரலாற்றையே எழுதினார். என் ஓட்டு லிண்டனுக்குத்தான், ஆனால் அவர் சொன்னதைக் கேட்கக் காலம் காத்திருக்கவில்லை. புகைப்படத்தைப் புள்ளிகளாக உடைத்து உலோகத்தில் பொறிக்கும் ஹாஃப்டோன் வந்தது. 1880-களில் தொடங்கி 1890-களுக்குள் பட்டறைகள் காலியாகின. உளி பிடித்தவர்கள் எந்திரப் பிளாக்குகளைக் கையால் திருத்தும் வேலைக்குப் போனார்கள்.

படங்கள் மட்டும் நிலைத்தன. காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. தடித்த கறுப்புக் கோடு மட்டமான தாளிலும் தெளிவாக விழும். கைபேசித் திரையிலும் எடுப்பாகத் தெரியும். படம் தேடும் அவசரத்தில் இருக்கும் எந்த ஆசிரியருக்கும் இதைவிட வேறென்ன வேண்டும்?

இப்போதெல்லாம் நான் இப்படிப் படம் ஒன்றை எடுத்தால் முதலில் மூலையைத்தான் பார்க்கிறேன். கீழே இடப்பக்கம் "டெல்" என்று முடிந்தால் வரைந்தவர் பெயர், வலப்பக்கம் "எஸ்ஸி" என்று முடிந்தால் செதுக்கியவர் பெயர். லத்தீனின் சுருக்கம். பெயர் தெரிந்தால் ஆண்டு தெரிந்துவிடும். பெரிய படமாக இருந்தால் நன்றாகப் பெரிதாக்கி, மேலிருந்து கீழாக மயிரிழை போல ஒரு வெள்ளைக்கோடு ஓடுகிறதா என்று பார்ப்பேன். ஓடினால் அது இரண்டு கட்டைகள் சேர்ந்த இடம், இரண்டு பேரின் கைகள் சந்தித்த இடம். வானத்தின் கோடு ஒரு பக்கம் கொஞ்சம் தடிப்பாகவும் மறுபக்கம் மெல்லிசாகவும் இருக்கும்.

அப்புறம் வண்ணம். படம் விற்கும் தளங்களில் இவை பளிச்சென்று வண்ணத்தோடு கிடைக்கின்றன. நூலிலும் பத்திரிகையிலும் வந்த மரச்செதுக்குகள் பெரும்பாலும் கறுப்பு மையில்தான் அச்சாகின, வண்ணம் பிறகு யாரோ பூசியது. அப்படி ஒரு மேஃப்ளவர் படத்தைப் போன வாரம் பார்த்தேன். கரையில் நின்ற எல்லாருக்கும் தொப்பியிலிருந்து காலணி வரை கறுப்பு, தொப்பியில் கட்டாயம் ஒரு பக்கிள். அந்தக் குழுவின் மூத்தவர் வில்லியம் புரூஸ்டர் இறந்தபோது எடுத்த சொத்துப் பட்டியலில் ஊதா நிறக் கோட்டு ஒன்று இருக்கிறது.